மனமகிழ் மன்றத்துக்குக் கட்டடம் கேட்டு வருகிறவர்கள்: குமரி மாவட்டக் கட்டட உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நாகர்கோவிலிலிருந்து ராஜாக்கமங்கலம் செல்லும் வழியில் உள்ள ஓர் ஊராட்சியில், என் தாயாரின் பெயரில் எட்டு சென்ட் புரையிடமும் (வீட்டுமனையும்) அதில் ஒரு மாடிக் கட்டடமும் இருக்கின்றன. கீழே இரண்டு கடைகள், மேலே ஒரு கூடம். அந்தக் கூடத்தில் மனமகிழ் மன்றம் நடத்தப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்தவர்களும், அவர்களை அழைத்து வந்த இடைத்தரகரும் சேர்ந்து, நில உபயோக மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் என்ற பெயரில் எங்களிடமிருந்து மூன்று லட்சம் ரூபாயைப் பறித்துக்கொண்டு, தாயாரின் கையெழுத்தையும் அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பணம் போனதைவிட அந்தக் கையெழுத்தால் நேர்ந்த சங்கடமே பெரிது. இதே வகையில் மாவட்டத்தின் வேறு இடங்களிலும் கட்டடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதால், நடந்ததையும், அது தொடர்பாக நாங்கள் அலுவலகங்களில் கேட்டும் ஆவணங்களைப் படித்தும் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தபோது அவர்கள் மதுவைப் பற்றியோ சீட்டாட்டத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேரம், சதுரங்கம், ஒரு சிறிய வாசிப்பறை, மாலையில் யோகாசன வகுப்பு என்றுதான் பேச்சு. பக்கத்துத் தெருவில் தொடக்கப் பள்ளி இருப்பதால் என் தாயார் தரகரிடம் நேராகவே, "குடி ஏற்பாடு ஒண்ணும் இங்க வேண்டாம், கேட்டியா தம்பி" என்று சொன்னார். அதற்கு அவர் சிரித்த முகத்தோடு, "அம்மா, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க, எல்லா பேப்பரும் நான் பாத்துக்கிடுதேன்" என்று பதில் சொன்னார். பிரமாணத்தின் (சொத்துப் பத்திரத்தின்) நகல், பட்டா, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை வாங்கிச் சென்றார். சங்கப் பதிவுக்குத் தேவை என்று முத்திரைத்தாளில் ஒரு சம்மதக் கடிதமும் எழுதி வாங்கினார்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையெழுத்திடும்போது எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்ட வாசகம், கூடத்தை ஒரு மன்றத்தின் அலுவலகமாகப் பயன்படுத்தச் சம்மதம் என்பது மட்டுமே. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் வாங்கிப் பார்த்தபோது, அந்த வாசகத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் விடப்பட்டிருந்த இடைவெளியில், "எஃப்.எல்.2 உரிமம் பெற்று உறுப்பினர்களுக்கு மதுபானம் வழங்கவும், இதர பொழுதுபோக்குகள் நடத்தவும் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. எழுத்தின் அளவு கொஞ்சம் சிறியது. வரிகளுக்கு இடையிலான தூரமும் மேலே உள்ளதைவிட நெருக்கமானது. கடைசிச் சொல் தாயாரின் கையெழுத்தின் முதல் எழுத்தின் மேல் ஏறி நிற்கிறது. முத்திரைத்தாளை அச்சு இயந்திரத்தில் இரண்டாம் முறை கொடுத்திருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில், தெருவுக்கு வாசிப்பறை வருகிறது என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், கதவு எண், கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களே பிறகு "அருகில் வசிப்போருக்கு ஆட்சேபணை இல்லை" என்ற தலைப்புத் தாளுக்குப் பின்னால் இணைக்கப்பட்டன. எதிர்வீட்டுப் பெரியவர், தன் கையெழுத்தை அந்த நகலில் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மாதாகோவில் பங்குப் பேரவையில் இருக்கிறவர் அவர். மதுக்கூடத்துக்குச் சம்மதித்தார் என்று ஊரில் பேச்சு வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

எஃப்.எல்.2 என்பது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி மன்றங்களுக்கு வழங்கப்படும் உரிமம். தனிமனிதர் எவருக்கும் சொந்தமாக இல்லாத, உறுப்பினர்களே நடத்தும் மன்றம், தன் உறுப்பினர்களுக்கு மது வழங்குவதற்கானது அது. தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து பணம் கொடுத்துக் குடிப்பதற்கானது அன்று. இந்த உரிமத்துக்கு முன்படியாக 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்கிறார்கள். எங்களிடம் வந்தவர்களின் சங்க ஆவணத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகலாகப் பெற்றோம். நோக்கங்கள் என்ற பகுதியில் நூலகம், ரத்ததானம், மரம் நடுதல் என்று நல்ல காரியங்கள் வரிசையாக இருந்தன; நிர்வாகிகளில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

அடுத்து நில உபயோகம். எங்கள் சர்வே எண், நாகர்கோவில் உள்ளூர் திட்டக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குடியிருப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்டது. கூடத்தை எடுத்துச் சில வாரங்கள் கழித்து, இதை வணிகப் பகுதியாக மாற்றினால் வாடகை இரு மடங்காகும், கடைகளுக்கும் மதிப்புக் கூடும் என்று தரகர் ஆசை காட்டத் தொடங்கினார். ஐந்து லட்சம் ரூபாய் முன்பணம் என்று பேசியிருந்த இடத்தில் இரண்டு லட்சம் மட்டுமே கையில் தந்திருந்தார்கள். மீதி மூன்று லட்சத்தையும் மாற்றத்துக்கான அரசுக் கட்டணத்தில் கழித்துக்கொண்டதாகவும், இன்னும் மூன்று லட்சம் கட்ட வேண்டும் என்றும் கணக்குக் காட்டினார். தாயார் நகையை அடகு வைத்து அதைக் கொடுத்தார்.

அவர்களுக்கு ஏன் இந்த மாற்றத்தில் இவ்வளவு அக்கறை என்பது பிறகுதான் விளங்கியது. டாஸ்மாக் கடைகளுக்கும் அவற்றை ஒட்டிய மதுக்கூடங்களுக்குமான 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளில், வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் அருகே கடை வைக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். அதே விதியில், திட்டக் குழுமம் வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரம் பொருந்தாது என்ற விலக்கும் இருக்கிறது. ஒரு சர்வே எண்ணின் நிறம் வரைபடத்தில் மாறினால், பள்ளிக்கூடத்தின் மதிலை ஒட்டிக்கூடக் கடை கொண்டுவர வழி பிறக்கிறது. மன்றம் ஒரு முகாந்திரம், பின்னாளில் அந்த இடத்தை மதுக்கடைக்கோ மதுக்கூடத்துக்கோ கைமாற்றுவதே எண்ணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தெருவின் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கிற கட்டுப்பாட்டை, அந்தத் தெருக்காரரின் பணத்தைக் கொண்டே நீக்கப் பார்த்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் கொடுத்த பிறகு, நில உபயோக மாற்றம் அனுமதிக்கப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, மேலே ந.க.எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி எல்லாம் முறையாகவே இருந்தன. அந்த ந.க.எண்ணை எழுதிக்கொண்டு உரிய அலுவலகத்தில் கேட்டபோது, அது வேறொருவர் வீடு கட்டுவதற்கு விண்ணப்பித்த கோப்பின் எண் என்று பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எங்கள் சர்வே எண்ணில் எந்த விண்ணப்பமும் வரவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் முழுமைத் திட்டத்தில் செய்யப்படும் மாற்றம் தரகர் பையில் வருகிற தனிக் கடிதத்தோடு முடிகிற காரியம் அன்று. ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். முடிவில் சர்வே எண்ணும் பரப்பும் குறிப்பிட்டுத் தமிழ்நாடு அரசிதழில் வெளியாக வேண்டும். அரசிதழ் இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் உங்கள் சர்வே எண் இல்லையென்றால் மாற்றம் நடக்கவில்லை என்றே பொருள், கையில் எத்தனை முத்திரை வைத்த தாள் இருந்தாலும் சரி. கட்டணம் கட்டியதாகச் சொன்னால் அரசுக் கணக்கில் செலுத்திய செலுத்துச்சீட்டை (சலானை) கேளுங்கள். எங்கள் தரகர் கடைசிவரை அதைக் காட்டவே இல்லை.

இதற்கிடையில் கூடத்தின் சன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டது. மாலை ஏழு மணிக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் தெரு முழுக்க நிற்கத் தொடங்கின. உரிமம் ஏதும் வராத நிலையிலேயே உள்ளே பாட்டில்கள் விற்கப்பட்டதும், பச்சைத் துணி விரித்த மேசைகளில் டோக்கன் வைத்துச் சீட்டு ஆடியதும், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று மன்றத்தின் பேரில் பணம் பிடித்ததும் கீழ்க்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்கப் போன என்னிடம், ரம்மி ஆடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கன்னியாகுமரி சுற்றுலாத் தலம் என்பதால் கோவாவைப் போல இங்கும் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி வரப் போகிறது, அப்போது முதலில் பதிவு செய்த இடத்துக்கே முன்னுரிமை என்றெல்லாம் அளந்தார்கள்.

அந்தப் பேச்சை நம்பி எவரும் கட்டடத்தைக் கொடுத்துவிடக் கூடாது. 1967-இல் ஆந்திர மாநில வழக்கு ஒன்றில், செகந்திராபாத்தைச் சேர்ந்த ஒரு மன்றம் தொடர்பாகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது உண்மை. அதே தீர்ப்பில், பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டின் உரிமையாளரோ மன்றமோ லாபம் பார்க்கிறது என்று சாட்சியம் இருந்தால் குற்றம் நிலைநிறுத்தப்படலாம் என்றும் சொல்லியிருக்கிறது. மூன்று சீட்டை முழுக்கவே அதிர்ஷ்டம் சார்ந்த ஆட்டமாகத்தான் அது கருதியது. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், சூதாட்ட இல்லத்தை நடத்துகிறவரை மட்டுமன்றி, அவ்வாறு பயன்படுத்த இடத்தை அனுமதிக்கிறவரையும் தண்டிக்கிறது. கட்டட உரிமையாளர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். காவல் நிலையத்தில் என் தாயாரிடம் முதலில் நீட்டப்பட்டதும் அந்தச் சம்மதக் கடிதமே.

கோவாவில் நடப்பது, அந்த மாநிலம் தன் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் தனியாக இடம் கொடுத்ததால். மதுவும் சூதாட்டமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஊராட்சியோ நகராட்சியோ திட்டக் குழுமமோ சூதாட்டத்துக்கு இடம் ஒதுக்கி அனுமதி தர முடியாது. நில உபயோகம் ஓர் அலுவலகம், மது உரிமம் வேறோர் அலுவலகம், சூதாட்டத்துக்கு எந்த அலுவலகமும் கிடையாது; இந்த மூன்றையும் ஒரே கட்டாக முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களை ஏமாற்ற வந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரகத்தில் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவில் நாங்களும் கையெழுத்திட்டோம். காவல் துறையினர் வந்து சென்றதும் மன்றத்தினர் இரவோடு இரவாக மேசைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாடகை பாக்கி, மின் கட்டணம், உடைந்த கழிப்பறைக் கதவு எல்லாம் எங்கள் தலையில். தரகரின் கைப்பேசி அணைந்தே இருக்கிறது. ஏமாற்றுதலுக்கும் போலி ஆவணத்துக்குமாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

ஏற்கெனவே இத்தகைய கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டாம். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக, சர்வே எண்ணும் சங்கத்தின் பெயரும் குறிப்பிட்டு, ஆட்சியரகத்தில் உள்ள ஆயத்தீர்வை உதவி ஆணையருக்கும், மாவட்டப் பதிவாளருக்கும், திட்டக் குழுமத்துக்கும், உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைகளைப் பத்திரப்படுத்துங்கள். அதோடு பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் சர்வே எண்ணில் யார் எந்த அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள், இணைப்புகளாக என்னென்ன தாள்கள் தரப்பட்டிருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் அடுத்த கிராம சபையில் இதை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அக்டோபர் 2 கூட்டத்தில் எதிர்வீட்டுப் பெரியவரே எழுந்து, நோட்டுப் புத்தகத்தில் தன்னிடம் கையெழுத்து வாங்கப்பட்ட விதத்தைச் சொல்ல, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதன் நகலையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.