பதினைந்து வயசுக்கு எந்தக் காதல் கதை?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே அண்ணன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பையில் நாலு செட் துணி, சார்ஜர், அப்புறம் கணக்கு நோட்டுக்குப் போடுவதுபோல் நியூஸ்பேப்பர் அட்டை போட்ட ஒரு தடிமனான இங்கிலீஷ் நாவல். வகுப்புத்தோழி கொடுத்ததாம். நான் அட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அவளே கேட்டாள்: "அத்தை, நல்ல லவ் ஸ்டோரியா ஏதாவது இருந்தா குடுங்களேன். அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."

அந்த விடுமுறை முழுக்க இதுதான் எனக்கு வேலை. அவள் படித்ததை நானும் படித்தேன், சிலவற்றை இரண்டாம் முறையாக. கடைசியில் நான் ஒரு புத்தகத்தின் பக்கம் சாய்ந்தேன். அது எது, ஏன் என்று சொல்கிறேன். அவளும் அவளுடைய இரண்டு தோழிகளும்தான் என் மொத்த அனுபவம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மொழி, விலை, பக்க எண்ணிக்கை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் தமிழில் மெதுவாகத்தான் படிக்கிறார்கள். ஐந்து பாகம் என்றாலே பயப்படுகிறார்கள். சரி, அதை விடுங்கள். பெற்றோர் பெரும்பாலும் பார்ப்பது இன்னொன்றை: முத்தம் எத்தனை, அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா? நானும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த அளவுகோல் முதல் வாரத்திலேயே உடைந்துபோனது.

உடைத்தது அந்த நியூஸ்பேப்பர் அட்டைக்குள் இருந்த புத்தகம்தான். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்', 2005இல் வந்தது. முத்தக் கணக்குப்படி பார்த்தால் இது சுத்த சைவம். பதினேழு வயதுப் பெண், அவளைத் தொடவே தயங்கும் ரத்தக் காட்டேரிப் பையன். தயங்காவிட்டால் கடித்துவிடுவான் என்பது கதை. எந்த அண்ணியும் படித்துவிட்டு "இதிலென்ன தப்பு?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதை ராத்திரி பூராவும் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். மூன்றாம் பாகத்தில், இன்னொரு நண்பனைப் பார்க்க அவள் போகக் கூடாது என்பதற்காக அவள் வண்டி எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். கதை இதையெல்லாம் குற்றமாகச் சொல்வதில்லை, அக்கறையாகச் சொல்கிறது. அதுதான் எனக்கு உறுத்தியது.

விறுவிறுப்பு இல்லை என்று சொன்னால் பொய். முதல் பாகத்தை நானே ஒரு சனி, ஞாயிறில் முடித்தேன், குக்கர் விசில் எண்ணிக்கையைக்கூட விட்டுவிட்டு.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். அந்தப் பெண் "வேண்டாம்" என்று சொன்னால், அடுத்த பக்கத்தில் அந்தப் பையன் என்ன செய்கிறான்?

இந்தக் கேள்வியை என் சொந்த அலமாரியில் வைத்துப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. தொண்ணூறுகளில் நான் வாடகை நூலகத்தில் எடுத்துத் தின்று தீர்த்த மாத நாவல்களில் பாதி, அவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பதில்தான் ஆரம்பிக்கும். கன்றிப்போன கையைப் பார்த்து அவளுக்கு அவன்மேல் ஒரு இது வரும். இப்போது செல்போன் ஆப்பில் வரும் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ', 'கட்டாயத் தாலி' என்று வெளிப்படையாகப் போர்டு மாட்டியே எழுதுகிறார்கள். எல்லாமே அப்படி இல்லை. வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அருமையான குடும்பக் கதைகளும் அந்தக் குவியலில் இருந்தன. ஆனால் எது எந்த ரகம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். அவளிடம் நான் கொடுத்தது மூன்றே மூன்று. "பேசறதெல்லாம் சீரியல் மாதிரி இருக்கு அத்தை" என்று இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தமிழில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று சொல்லும் பெண். அவள்மேல் உயிரை வைத்திருக்கும் சேந்தன் அமுதனுக்கு அவள் மாமன் மகள். நம் ஊர்க் கதைகளில் முறைப்பையன் என்றால் என்னென்ன உரிமை கொண்டாடுவான் என்று தெரியும். இவனோ பூமாலையும் தேவாரமுமாக அவன் பாட்டுக்கு இருப்பான். எனக்கு இந்த ஜோடிதான் உசத்தி. ஆனால் காதல் கதை கேட்டவளுக்கு ஐந்து பாகச் சதியையும் ஓலையையும் தாண்டி இங்கே வா என்று சொல்வது நியாயமில்லை. படம் பார்த்துவிட்டதால் "கதை தெரியுமே" என்ற அலட்சியம் வேறு. வேறொரு கோடைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' அவள் தோழிகளிடையே கைமாறிக்கொண்டிருந்தது. ரீல்ஸ் பார்த்து வாங்கியது. அட்டையில் பூ இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே கணவன் அடிப்பதும் அதிலிருந்து ஒருத்தி வெளியே வருவதும்தான் கதை. அது சொல்லும் விஷயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பெரியவர்களுக்கென்று எழுதியது. பதினெட்டுக்குப் பிறகு படிக்கட்டும்.

மிச்சம் மூன்று. இவற்றில் எதைக் கொடுத்தாலும் தவறில்லை, ஒன்றுக்கு மட்டும் வயசு பார்க்க வேண்டும்.

ஜென்னி ஹானின் 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்' (2014) படிக்க மிகச் சுலபம். லாரா ஜீன் என்ற பதினாறு வயதுப் பெண் தான் ஆசைப்பட்ட பையன்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி, அனுப்பாமல் ஒரு தொப்பிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஒருநாள் அத்தனையும் தபாலில் போய்விடுகின்றன. மூன்று நாளில் முடித்துவிட்டாள் எங்கள் வீட்டுக்காரி. தாய் இல்லாத மூன்று அக்கா தங்கைகள், சமைக்கத் திணறும் அப்பா என்று வீட்டுப் பகுதிகள்தான் எனக்குக் காதலைவிட அதிகம் பிடித்தன. இதன் இரண்டாம் பாகத்தைக் கண்டிப்பாகச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பெண்ணும் பையனும் இருக்கும் ஒரு வீடியோ இணையத்தில் பரவிவிடுகிறது. பழி மொத்தமும் பெண் தலையில், பையனுக்கு ஒன்றுமே இல்லை. கையில் போன் வைத்திருக்கிற பிள்ளையோடு இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு எந்த வழியும் கிடைத்திருக்காது.

சந்தியா மேனனின் 'வென் டிம்பிள் மெட் ரிஷி' (2017) நம் வீட்டு வாசனை உள்ள கதை. அமெரிக்காவில் வளர்ந்த இரண்டு இந்தியப் பிள்ளைகள், இருவரின் பெற்றோரும் சேர்ந்து மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ரிஷிக்கு விஷயம் தெரியும், டிம்பிளுக்குத் தெரியாது. வருங்கால மனைவியே என்று அவன் முதல் வணக்கம் வைக்க, யாரோ பைத்தியம் என்று கையிலிருந்த ஐஸ் காபியை அவன்மேல் வீசிவிட்டு ஓடுகிறாள். அவளுக்குச் சொல்லவே இல்லை என்று புரிந்ததும் அவன் மன்னிப்புக் கேட்கிறான். என் கேள்விக்கு இங்கே பாஸ் மார்க். கதையின் பின்பாதியில் இருவரும் நெருங்கும் படுக்கையறைக் கட்டம் ஒன்று உண்டு, விலாவாரியாக இல்லை. அதில் முதலில் கேட்பவள் அவள், கேட்டுக்கொண்டுதான் எல்லாம் நடக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள்தான் முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும். நான் பதினேழு என்று வைத்திருக்கிறேன்.

இனி நான் சாய்ந்த புத்தகம். ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 1813. இருநூறு வருடப் பழைய புத்தகத்தையா கொடுத்தாய் என்று அண்ணன்கூடச் சிரித்தான்.

கதைக்களமே நமக்கு அத்துப்படியானது. ஐந்து பெண் பிள்ளைகள். வீடும் நிலமும் ஆண் வாரிசுக்குத்தான் போகும், அதனால் அப்பா கண்ணை மூடினால் எல்லாம் காலின்ஸ் என்ற தூரத்துப் பங்காளிக்கு. அந்தக் காலின்ஸ் ஒரு பாதிரியார். சொத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம், பதிலுக்கு ஒரு பெண்ணையாவது கட்டிக்கொள்வோம் என்று கிளம்பி வருகிறார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இரண்டாவது பெண் எலிசபெத்தைக் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். அவர் அசரவே இல்லை. மனதுக்குள் சரி என்று வைத்துக்கொண்டே முதல் தடவை மறுப்பது பெண்களின் வழக்கம்தான், சில சமயம் இரண்டு, மூன்று தடவைகூட மறுப்பார்கள் என்கிறார். அவள் திரும்பத் திரும்ப வேண்டாம் என்கிறாள், அவருக்கு அது காதில் ஏறவே இல்லை. பெண் வேண்டாம் என்றால் வேணும் என்று அர்த்தம்! நம் சினிமாவில் ஹீரோ சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே வசனம். ஆஸ்டின் அதைத் தன் கதையின் மகா முட்டாள் வாயில் வைத்திருக்கிறார்.

அதற்கு அடுத்த அத்தியாயத்தில் அம்மா, இவரைக் கட்டாவிட்டால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பார். அப்பா, கட்டிக்கொண்டால் நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பார். எந்த ஊர்க் கூடத்தில் வேண்டுமானாலும் நடக்கக்கூடிய காட்சி.

முப்பத்துநாலாம் அத்தியாயத்தில் டார்சி கேட்கிறான். பணக்காரன், திமிர் பிடித்தவன், உன் குடும்பம் எனக்குத் தகுதியில்லை, இருந்தும் உன்னைப் பிடித்துத் தொலைத்துவிட்டது என்கிற தொனியில் கேட்கிறான். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு அனுப்புகிறாள். மறுநாள் காலை அவள் நடந்துபோகும் வழியில் வந்து ஒரு கடிதம் தருகிறான். அவள் சொன்ன இரண்டு குற்றச்சாட்டுக்கு அதில் விளக்கம், அவ்வளவுதான். திரும்பக் கேட்கவில்லை. ஊரை விட்டே போய்விடுகிறான். நடுவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பெரிய உதவி செய்கிறான், அதையும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்கிறான். மாதங்கள் கழித்து, ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தில், என் மனம் மாறவில்லை, உங்கள் மனமும் அன்றுபோலவே இருந்தால் ஒரு வார்த்தை போதும், இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்கிறான். நானறிந்த காதல் கதைகளில் என் கேள்விக்கு இதைவிட முழுசான பதில் இல்லை.

இன்னொன்று, இதைப் பெற்றோர்கள் அதிகம் கவனிப்பதில்லை. எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவுக்குக் கதை தொடங்கும்போது வயசு பதினைந்து. விக்கம் என்ற இனிக்க இனிக்கப் பேசும் பட்டாளத்துக்காரனோடு ஓடிப்போகிறாள். அவன் இதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தது டார்சியின் தங்கையை, அவளுக்கும் அப்போது பதினைந்து. எங்கள் வீட்டுப் பெண் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "ரெண்டு பேருக்கும் என் வயசா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றதோடு சரி. வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. (விக்கமிடம் ஜாக்கிரதையாக இரு என்று எலிசபெத்தை அக்கறையோடு எச்சரிப்பது அவள் தாய்மாமன் மனைவி. அதாவது அத்தை. சும்மா சொல்லி வைக்கிறேன்.)

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு அத்தியாயத்தில் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "எந்தப் பொண்ணு யாருன்னே தெரியல, எல்லாரும் மிஸ் பென்னட்." வாக்கியங்கள் ரயில் மாதிரி நீளம். கிண்டல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிபட நாளாகும். சுருக்கப் பதிப்பு ஒன்றை வாங்கிப் பார்த்தேன், கதை இருந்தது, சிரிப்பு இல்லை. கடைசியில் பத்தொன்பதாம் அத்தியாயத்தை மொட்டைமாடியில் நானே உரக்கப் படித்துக் காட்டினேன், காலின்ஸுக்கு எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் குரலைக் கொடுத்து. விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஆளின் கடிதம் வந்து சேரும் பதிமூன்றாம் அத்தியாயத்திலிருந்து அவளே படிக்க ஆரம்பித்தாள். முன்பகுதியைப் பிறகு படித்துக்கொண்டாள். மொத்தம் ஐந்து வாரம். அவள் தோழிகளில் ஒருத்திக்கு இந்த வழியும் பலிக்கவில்லை, அவளுக்கு லாரா ஜீன்தான் சரி. உங்கள் பிள்ளை இங்கிலீஷில் இன்னும் தட்டுத் தடுமாறினால் நீங்களும் அங்கேயே ஆரம்பியுங்கள்.

பையன்களுக்கு எது என்று கேட்டால் என் அனுபவம் போதாது. அண்ணன் மகன் கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயத்தை அவனுக்கும் ஒருநாள் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

வாங்குவதாக இருந்தால் எழுத்து பெரிதாக உள்ள பதிப்பாகப் பாருங்கள். ஆஸ்டினுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் போனில் படித்தால் நடுவில் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. பள்ளி திறந்ததும் நியூஸ்பேப்பர் அட்டை போட்டுத் தோழிக்குக் கொண்டுபோய்விட்டாள். டிம்பிளை அண்ணி கண்டுபிடித்து எடுத்து வைத்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். போன வாரம் போன் செய்து, "அந்தப் பையன் அம்மா அப்பாகிட்ட என்னதான் சொல்றான், கொஞ்சம் சொல்லேன், எனக்கு வேகமாப் படிக்க வரல" என்றார்.