எம்எக்ஸ்-5 துணிக் கூரை: ஆறு வருடம் கழுவிப் பார்த்ததில்

2019 கோடையில், இங்கே இங்கிலாந்தில், ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். கூரையை மடித்துத் திறந்து ஓட்டும் இரண்டு சீட் கார் அது. 2016 மாடல், கறுப்புத் துணிக் கூரை. வீட்டில் கராஜ் இல்லை. மழையும் உறைபனியும் முழுக்க அந்தத் துணி மேல்தான். வண்டி ஓட்டும் சுகத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் கூரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கூரை ஒற்றைத் துணி இல்லை. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் மெல்லிய ரப்பர் அடுக்கு, உள்ளே இன்னொரு துணி. மழை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது நடுவில் இருக்கும் ரப்பர். தண்ணீர் ஒட்டாமல் இருக்க நாம் வாங்கி அடிக்கும் ஸ்ப்ரேயின் வேலை, மேல் துணி ஊறாமல் காப்பது. ஊறினால் சீக்கிரம் காயாது. நூலிடுக்கில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் பாசி பிடிக்கும். என் வண்டியில் வெயில் படாத வடக்குப் பக்கம், ஜன்னலுக்கு மேலே தையல் ஓரமாக, முதல் பச்சை தெரிந்தது.

முதல் வருடம் அவசரப்பட்டேன். காலையில் கழுவினேன், சாயங்காலம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, ஸ்ப்ரே அடித்துவிட்டேன். அடுத்த மழையில் பாதிக் கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மீதிப் பாதி அப்படியே குடித்தது. ஸ்ப்ரே மட்டம் என்றுதான் நினைத்தேன். மறுபடி கழுவ உட்கார்ந்தபோது, சோப்பே போடாமல் ஈர ஸ்பாஞ்சால் அழுத்தினால் வெள்ளையாக நுரை வந்தது. பழைய சோப்பு துணிக்குள்ளேயே இருந்திருக்கிறது! சோப்பு மிச்சம் இருக்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும்.

அதனால் இப்போது நேரத்தில் பெரும்பகுதி அலசுவதற்கே. முதலில் காய்ந்த தூசியை வேக்குவம் போட்டு எடுக்கிறேன். பிறகு துணிக் கூரைக்கென்று விற்கும் கிளீனரில் தண்ணீர் கலந்து, மென்மையான பிரஷால் நெசவு ஓடும் திசையிலேயே தேய்க்கிறேன். பாசி இருந்த இடத்தில் கால் மணி நேரம் ஊறவிட்டு இரண்டாம் முறை. அப்புறம் சாதாரண ஹோஸ் தண்ணீர்தான். ஸ்பாஞ்சால் அழுத்தினால் வெறும் தண்ணீர் வரும் வரை விடுவதில்லை. போன முறை ஐந்து தடவை அலசினேன். பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள், நூல் பிசிறும், தையல் வழியாகத் தண்ணீர் ஏறும்.

கழுவிய பிறகு ஒரு முழு நாள் காயவிடுகிறேன். இந்த ஊரில் தொடர்ந்து இரண்டு வறண்ட நாள் கிடைப்பதே பெரிய விஷயம் என்பதால், மே மாதத்தில் வானிலை பார்த்து லீவு போடுவேன். தையலை விரலால் அழுத்திப் பார்ப்பேன். தட்டையான இடம் காய்ந்தாலும் தையலில் ஈரம் இருக்கும். கண்ணாடியையும் பெயின்ட்டையும் பாலித்தீன் ஷீட்டும் மாஸ்கிங் டேப்பும் வைத்து மூடியபின், 303 ஃபேப்ரிக் கார்ட் என்ற ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு கோட். கண்ணாடியில் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். அன்று இரவு மழை வரக்கூடாது.

இப்படிச் செய்தால் எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் தாங்குகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். உருண்டு ஓடினால் சரி. தண்ணீரைக் குடித்துத் துணி இன்னும் கருத்தால் அடுத்த முறைக்கு நேரம் வந்துவிட்டது.

பறவை எச்சத்தை ஈரமாகத் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டுத் தட்டிவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். நனைந்த கூரையை மடித்துப் பல நாள் விடாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகளில் இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள்ளேதான் தேங்கும். இலையுதிர் காலத்தில் மாதம் ஒருமுறை அதைக் கட்டாயம் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. கூரை மடியும் இடத்தில், இடப்பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு வெளிறிய கோடு. எத்தனை கழுவினாலும் அந்தக் கறுப்பு திரும்பவில்லை. சாயம் ஏற்றும் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. அடுத்த மே மாதம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.