அக்வாவுக்குத் துணிக்கூரை: கொழும்புக் கராஜ் ஒன்றின் வேலை

கொழும்பில் ரொயோட்டா அக்வா புதினமான வாகனம் அன்று. கூரை திறக்கும் அக்வாதான் புதினம். பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்று என் மைத்துனரின் அக்வாவுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது. வாகனத்தை நானும் அடிக்கடி ஓட்டுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, மைத்துனர் கேட்டதைச் செய்ய பாஸ் மறுத்ததைத்தான். கூரையை முழுதாக வெட்டிவிட வேண்டும் என்பதே மைத்துனரின் ஆசை. ஆனால் அக்வாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையும் தூண்களும் தளமும் சேர்ந்துதான் வாகனத்தின் பலம். பின்கதவுகள் நடுத்தூண்களில் தொங்குகின்றன, பின்மூடியின் பிணைச்சல்கள் கூரையின் பின்விளிம்பில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே தூண்களையும் பக்கச் சட்டங்களையும் விட்டுவிட்டு, நடுத்தகட்டை மட்டும் எடுத்து, ஃபியட் 500சி வாகனத்தில் உள்ளதைப் போலப் பின்னோக்கி மடியும் துணியைப் போட்டார்கள். வெட்டிய விளிம்பைக் கையால் தடவினால் ஒரு பிசிறும் தட்டுப்படுவதில்லை; தகட்டை உள்மடித்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே இறப்பர் பட்டியை ஒட்டியிருக்கிறார்கள். கடற்காற்று வீசும் ஊரில் இது சின்ன விடயமல்ல. குழி விழுந்த ஒழுங்கைகளிலும் கதவுகள் கிறீச்சிடுவதில்லை.

அக்வா பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் என்பதால் வெல்டிங் வேலையிலும் தனிக் கவனம் வேண்டியிருந்தது. பின்னிருக்கைக்குக் கீழே இருக்கும் பற்றரி 144 வோல்ற் கொண்டது; மின்மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வேர்ட்டர் அதை 520 வோல்ற் வரை உயர்த்துகிறது. பன்னிரண்டு வோல்ற் பற்றரியைக் கழற்றி, பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை உருவி, இன்வேர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்தே வேலையைத் தொடங்கினார்கள். இதைச் செய்யாத கராஜிடம் எவரும் ஹைபிரிட்டை ஒப்படைக்கக் கூடாது. கூரையின் பக்கச் சட்டங்களுக்குள் மடிந்திருக்கும் பக்கத்திரை எயார்பாக் உள்ள வாகனமென்றால், சட்டங்களைத் தொடுவதற்கு முன் அதை என்ன செய்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மைத்துனரின் வாகனத்தில் அது இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பற்றரி தன்னைக் குளிர்விக்க வெளிக்காற்றை அன்றி, பின்னிருக்கையின் பக்கவாட்டில் உள்ள துவாரத்தின் வழியாக வாகனத்தின் உட்காற்றையே இழுக்கிறது. ஏ.சி. போட்டு மூடி ஓடும்போது பயணிகளுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி பற்றரிக்கும் கிடைக்கும். நண்பகலில் கூரையைத் திறந்துகொண்டு காலி வீதி நெரிசலில் நின்றால் அது சுடுகாற்றையும் தூசியையும் அல்லவா குடிக்கும்? பின்னால் விசிறி இரைவது முன்னிருக்கை வரை கேட்கிறது. மழைத்தண்ணீரும் போய்ச் சேரக்கூடிய இடம் அதுவே. அந்தத் துவாரத்துக்கு ஒரு மறைப்போ, மேலதிக வடிகட்டியோ போடுவதைப் பற்றி கராஜில் எவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகே மெல்லிய வலை ஒன்றை மாட்டித் தந்தார்கள். அந்த வலையைத் தவறாமல் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே காற்றை அடைத்துவிடும்.

துணி தரமானது, ஆனால் இடது முன்மூலையில் தையல் வழியாக ஒழுகியது. திருப்பிக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் சரிசெய்தார்கள். கூரையை மடித்தால் துணி பின்கண்ணாடியை மறைப்பதற்கு மட்டும் பரிகாரம் இல்லை. முதலில் சொன்ன தொகைக்குள் துணியும் அடங்கும் என்று நினைக்கும்படி பேசிவிட்டு, பில்லில் அதைத் தனியாகப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்தில் வாங்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு மரைன் டிரைவில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானாக நின்றுவிட, அலைச்சத்தமும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் சத்தமும் மட்டும் காதில் விழும். சாதாரணப் பெற்றோல் வாகனத்தின் கூரையைத் திறந்து இதைப் பெற முடியாது. அந்த நேரத்துக்காக மட்டும் செலவழிக்க மனமுள்ளவர்கள் இந்தக் கராஜுக்குப் போகலாம். தினமும் பகலில் அலுவலகம் போக ஒரே வாகனத்தை நம்பியிருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எப்படியானாலும் தகட்டில் கை வைப்பதற்கு முன் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்துவிடுங்கள். அந்த அலைச்சலைக் கராஜ் பொறுப்பேற்பதில்லை.