ஃபெர்டிலிட்டி என்.பி. ஆக ரெண்டு கோர்ஸ் படிச்சேன், ரெண்டுக்கும் சேத்து ஒரு ரிவ்யூ

ரேட்டிங்கை முதல்லயே சொல்லிடறேன். நர்ஸ் ப்ராக்டிஷனர் (என்.பி.) ஆகறதுக்குப் பண்ண மாஸ்டர்ஸ் ப்ரோக்ராமுக்கு 5க்கு 3. வேலைல சேந்தப்புறம் பண்ண ஃபெர்டிலிட்டி (குழந்தையின்மை சிகிச்சை) ஷார்ட் கோர்ஸுக்கு 5க்கு 4. ரெண்டோட பேரையும் போடல, கேக்காதீங்க. வேற வேற காலேஜ்ல படிச்சவங்ககிட்ட பேசினப்பவும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னாங்க, அதனால பேரைத் தெரிஞ்சுக்கறதை விட சேர்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உபயோகம்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அமெரிக்காவுல நர்ஸ் மேல படிச்சுட்டு தானே பேஷண்டைப் பாத்து டெஸ்ட் எழுதி மருந்து எழுதற வேலைதான் என்.பி. 1965ல கொலராடோ யுனிவர்சிட்டில லொரெட்டா ஃபோர்டுங்கற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கற குழந்தைகள் டாக்டரும் சேந்து ஆரம்பிச்ச விஷயம் இது. வழி என்னன்னா பி.எஸ்.சி. நர்ஸிங், என்கிளெக்ஸ்ங்கற லைசென்ஸ் பரீட்சை எழுதி ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), அப்புறம் மாஸ்டர்ஸ் இல்லன்னா டாக்டரேட், அப்புறம் போர்டு எக்ஸாம், கடைசியா ஸ்டேட் லைசென்ஸ். சில ஸ்டேட்ல தனியாவே ப்ராக்டிஸ் பண்ணலாம், சில ஸ்டேட்ல டாக்டர் கூட அக்ரிமெண்ட் போட்டாத்தான் முடியும், நீங்க எங்க இருக்கீங்களோ அந்த ரூலைப் படிச்சுக்கோங்க.

இதுல நான் லேட்டா புரிஞ்சுக்கிட்ட விஷயம், என்.பி.க்கு "குழந்தையின்மை"ன்னு தனி போர்டே கிடையாது. விமன்ஸ் ஹெல்த்ல என்.சி.சி.ங்கற அமைப்போட போர்டு எக்ஸாம் எழுதலாம், இல்ல ஃபேமிலி என்.பி. எழுதலாம், எதை எழுதினாலும் ஃபெர்டிலிட்டியை வேலைல சேந்துதான் கத்துக்கணும். ப்ரோக்ராம் விளம்பரத்துல "ரிப்ரொடக்டிவ் ஹெல்த்"னு பெருசா போட்டிருந்ததைப் பாத்து நான் ஏமாந்தேன், நல்லா கேட்டுப் பாத்திருக்கணும், தப்பு என் மேலயும் இருக்கு.

சரி, மாஸ்டர்ஸ்ல நல்லது எதுவும் இல்லையான்னா இருக்கு. ஃபார்மகாலஜி செமயா இருந்துச்சு. ஹார்மோன் பாடம் எடுத்த மேடம், மூளைல இருந்து பிட்யூட்டரி, அங்கேருந்து ஓவரி, திரும்ப மூளைக்குன்னு அந்த சுத்தை வெள்ளைத்தாள்ல கையால வரைஞ்சு காட்டினாங்க, இன்னைக்கும் டே 3 (பீரியட்ஸோட மூணாம் நாள்) ரத்த ரிப்போர்ட்ல பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச்.சும் ஓவரி ஹார்மோனான எஸ்ட்ராடயாலும் பக்கத்துல பக்கத்துல பாக்கறப்ப அந்தப் படம்தான் கண்ணுல வரும். எஃப்.எஸ்.ஹெச். நார்மலா இருக்கேன்னு சந்தோஷப்படக் கூடாது, எஸ்ட்ராடயால் ஏறியிருந்தா அது எஃப்.எஸ்.ஹெச்.சை அமுக்கி வெச்சிருக்கும்னு அவங்க சொன்ன ஒத்த வரிக்கே ஒரு ஸ்டார் குடுத்திருக்கேன்.

ஆனா இன்ஃபெர்டிலிட்டிக்குன்னு ஒதுக்கினது மொத்தம் ஒரே வாரம். 35 வயசுக்குக் கீழன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு டெஸ்ட், 35 தாண்டினா 6 மாசம், 40 தாண்டினா காத்திருக்கவே வேணாம், பி.சி.ஓ.எஸ்.க்கு (ஹார்மோன் கோளாறால முட்டை சரியா வெளிய வராத பிரச்சினை) லெட்ரோசோல் மாத்திரை, அவ்ளோதான், அடுத்த வாரம் மெனோபாஸ். ஆண் பக்கம் பத்தி ஒரு ஸ்லைடு கூட இல்ல. விமன்ஸ் ஹெல்த் படிப்புங்கறதால கணவரையே விட்டுட்டாங்க, ஆனா கிளினிக்ல வர்றது ஜோடி இல்லையா? செமன் அனாலிசிஸ்ல (விந்து பரிசோதனை) மில்லிக்கு 16 மில்லியன் ஸ்பெர்ம்ங்கற கீழ் அளவு எதுல இருந்து வருது, அதுக்குக் கீழ வந்தா "முடிஞ்சு போச்சு"ன்னு அர்த்தம் இல்லைங்கறது, ஸ்பெர்ம் உருவாகவே ரெண்டரை மாசம் கிட்ட ஆகும் அதனால இன்னைக்கு சிகரெட்டை விட்டா அடுத்த வாரமே ரிப்போர்ட் மாறாதுங்கறது, இதெல்லாம் நான் வேலைல திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது.

இப்ப முக்கியமான புகாருக்கு வரேன். பிரிசெப்டர். என்.பி. படிப்புகளுக்குன்னு 2022ல வந்த ஸ்டாண்டர்ட்படி நேரடியா பேஷண்டைப் பாக்கற கிளினிக்கல் நேரம் குறைஞ்சது 750 மணி இருக்கணும். இதுக்கு கூட நின்னு சொல்லித் தர ஒரு ஆள் வேணும். அந்த ஆளை காலேஜ் கண்டுபிடிச்சுத் தரும்னு நெனச்சுத்தான சேருவோம்? அட்மிஷன்ல "சப்போர்ட் பண்ணுவோம்"னு சொன்னாங்க, சப்போர்ட்னு அவங்க சொன்னது ஒரு எக்ஸெல் ஷீட், அதுல பாதி நம்பர் வேலை செய்யல, மீதிப் பேர் "ஸ்டூடண்ட்ஸ் எடுக்கறதில்ல"ன்னு ஃபோனை வெச்சுட்டாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தூங்காம ஒவ்வொரு கிளினிக்கா ஃபோன் போட்டு, மெயில் போட்டு, ஒரு செமஸ்டரே தள்ளிப் போச்சு. ஃபெர்டிலிட்டி கிளினிக்ல இடம் கிடைக்கறது இன்னும் கஷ்டம், ஏன்னா அங்க வர்ற பேஷண்ட் ஏற்கனவே நொந்து போய் வர்றவங்க, ரூம்ல இன்னொரு ஆள் நிக்கறதை நிறைய பேர் விரும்ப மாட்டாங்க, அதைத் தப்புன்னும் சொல்ல முடியல. கடைசில எனக்குக் கிடைச்சது அங்க வெறும் 60 மணி நேரம்.

ஷார்ட் கோர்ஸ் வேற மாதிரி. நேரா வேலைக்கு வந்துடறாங்க. ஆன்ட்ரல் ஃபாலிக்கிள் (ஓவரில முட்டை இருக்கற சின்னப் பை) எண்றது எப்படி, ஸ்டிமுலேஷன்ல, அதாவது முட்டை வளர ஊசி போடற நாட்கள்ல, ஃபாலிக்கிள் ஒரு நாளைக்கு சுமார் 2 மில்லிமீட்டர் வளரும் அதனால அடுத்த ஸ்கேனை என்னைக்கு வெக்கறது, முட்டையைக் கடைசியா பழுக்க வெக்கற டிரிகர் ஊசி எப்ப குடுக்கறது, ஓ.ஹெச்.எஸ்.எஸ். (மருந்துக்கு ஓவரி அளவுக்கு மீறி வீங்கறது) வரப் போகுதுன்னு எதை வெச்சு மோப்பம் பிடிக்கறது எல்லாம் கேஸ் வெச்சு சொல்லித் தந்தாங்க. டிரிகர் ஊசிக்கு மட்டும் ஒரு முழு செஷன், அது நியாயம்தான். ராத்திரி 10 மணிக்குப் போட்டா 36 மணி நேரம் கழிச்சு, அதாவது நாளன்னிக்கு காலைல 10 மணிக்கு முட்டை எடுக்கணும், பேஷண்ட் தூங்கிப் போய் 1 மணிக்குப் போட்டுட்டு பயத்துல சொல்லாம விட்டாங்கன்னா அத்தனை நாள் போட்ட ஊசியும் வீணாப் போகலாம். அதனால "லேட் ஆனாலும் பரவால்ல, எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க, நாங்க டைமை மாத்திக்கறோம்"னு முன்னாடியே சொல்லி வெக்கணும்னாங்க. ஏ.எம்.ஹெச்.ங்கற ஹார்மோன் டெஸ்ட் பத்தி நல்ல தெளிவு. அது முட்டை எத்தனை மிச்சம்னு ஒரு அந்தாசு குடுக்கும், ஐ.வி.எஃப். (லேப்ல கரு உருவாக்கற சிகிச்சை) மருந்துக்கு ஓவரி எப்படி பதில் சொல்லும்னு பாக்க உதவும், ஆனா தானா கர்ப்பம் தரிக்குமா தரிக்காதான்னு அதை வெச்சு ஜோசியம் சொல்லக் கூடாது.

ஜீன் பர்டி பத்தியும் இந்த கோர்ஸ்லதான் முதல்ல கேட்டேன். 1978ல பொறந்த முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் கதைல விஞ்ஞானி எட்வர்ட்ஸையும் டாக்டர் ஸ்டெப்டோவையும்தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா லேப்ல அந்தக் கரு பிரியறதை முதல்ல மைக்ராஸ்கோப்ல பாத்தது பர்டி, அவங்க படிச்சது நர்ஸிங். 39 வயசுல 1985ல இறந்துட்டாங்க, அவங்க வேலை செஞ்ச இங்கிலாந்து ஓல்டம் ஆஸ்பத்திரில முதல்ல வெச்ச கல்வெட்டுல அவங்க பேரே இல்ல. சிலபஸ்ல இது தேவையான்னு கேட்டா தேவையில்லதான், ஆனா அன்னைக்கு டூட்டிக்குப் போறப்ப கொஞ்சம் நிமிந்து நடந்தேன்.

அப்ப ஏன் ஒரு ஸ்டார் கட்? ரெண்டு காரணம். ஒண்ணு ஸ்கேன். வீடியோல பாத்து ட்ரான்ஸ்வஜைனல் (பிறப்புறுப்பு வழியா எடுக்கற) ஸ்கேன் கத்துக்கவே முடியாது, கை பழகணும். ப்ரோபை ரெண்டு டிகிரி திருப்பினா ஒரு ஃபாலிக்கிள் ரெண்டாத் தெரியும், ரத்தக் குழாயை ஃபாலிக்கிள்னு அளந்து வெச்சு நானே அசிங்கப்பட்டிருக்கேன். நேர்ல ரெண்டு நாள் வெச்சிருந்தா போதும்.

இன்னொண்ணு ஃபோன். இந்த வேலைல பாதி ஃபோன்லதான் நடக்குது. கர்ப்பமான்னு பாக்கற ரத்த டெஸ்ட் பீட்டா ஹெச்.சி.ஜி., அதோட ரிசல்ட் மத்தியானம் வரும், சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு சொல்லணும். பாசிட்டிவ் சொல்றதுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். நெகட்டிவ் கூட பழகிடும், சுத்தி வளைக்காம முதல் வாக்கியத்துலயே சொல்லிட்டு அவங்க பேசற வரைக்கும் சும்மா இருக்கணும். நடுவுல நிக்கற நம்பர்தான் கொல்லும். பாசிட்டிவ்தான், ஆனா கம்மி, 48 மணி நேரம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். நாலு வருஷம் நாள் தள்ளிப் போகாதான்னு காத்திருந்த பொண்ணுகிட்ட "இப்போதைக்கு ஆமா, ஆனா சந்தோஷப்படாதீங்க"ன்னு எப்படி சொல்றது? முதல் தடவை நான் "பாசிட்டிவ்"னு ஆரம்பிச்சுட்டேன், அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும், அதுக்கப்புறம் நான் சொன்ன "ஆனா" அவங்க காதுல விழவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு நம்பர் இறங்கிடுச்சு. இப்பல்லாம் நம்பர் கம்மியா இருக்குங்கறதை முதல்ல சொல்றேன். இது ரெண்டு கோர்ஸ்லயும் ஒரு மணி நேரம் கூட இல்ல.

சேரப் போறீங்கன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: இன்ஃபெர்டிலிட்டிக்கு எத்தனை மணி நேரம், பிரிசெப்டரை நீங்க எழுத்துல உறுதி குடுப்பீங்களா, ஸ்கேன் கை ப்ராக்டிஸ் நேர்ல உண்டா. ரெண்டாவது கேள்விக்கு "சப்போர்ட் பண்ணுவோம்"னு பதில் வந்துச்சுன்னா அந்த எக்ஸெல் ஷீட்டை இப்பவே அனுப்பச் சொல்லி நாலு நம்பருக்கு நீங்களே போட்டுப் பாத்துடுங்க.