சூலு பதக்கமா, போயர் பதக்கமா?

பிரிட்டிஷ் வீரர்களின் காலனியப் போர்ப் பதக்கங்களைச் சேர்க்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது, தென்னாப்பிரிக்காவின் சூலு அரசோடு பிரிட்டன் நடத்திய 1879 சூலு போரின் பதக்கத்தின் மேல்தான். அந்தப் போரில் இசாண்டில்வானா என்ற இடத்தில் பிரிட்டிஷ் தரப்பு 1,300 பேருக்கு மேல் இழந்தது. அன்று மாலையே அருகிலுள்ள ரோர்க்ஸ் டிரிஃப்டில் தொடங்கிய சண்டைக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 11. ஆசை வருவது இயல்பு. ஆனாலும் முதல் பதக்கமாக அதை வாங்காதீர்கள் என்பேன். இருபது ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளியினரான போயர்களோடு நடந்த போயர் போரின் 'குயின்ஸ் சவுத் ஆப்பிரிக்கா' பதக்கம்தான் என் தேர்வு.

அழகில் சூலு பதக்கமே மேல். புதர் முன்னே தலை தாழ்த்திய சிங்கம், அதன் கீழே சூலு கேடயமும் ஈட்டிகளும். சிக்கல் அதன் ரிப்பனில் இருக்கிறது. அங்கே கோக்கப்படும் வெள்ளிப் பட்டையில் ஆண்டு மட்டுமே உண்டு, போர்க்களத்தின் பெயர் கிடையாது. ரோர்க்ஸ் டிரிஃப்டில் நின்றவனுக்கும் அந்தப் பக்கமே போகாதவனுக்கும் ஒரே பட்டை கிடைத்திருக்கலாம். வேறுபாட்டைச் சொல்வது விளிம்பில் செதுக்கிய பெயரும் பட்டாளமும்தான். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலைபோகும் பெயரைச் செதுக்கும் மோசடிக்கு அதனால்தான் இவ்வளவு ஆதாயம். வெர்னியர் அளவி இல்லாமல் இதை வாங்கப் போகாதீர்கள். விட்டம் 36 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விளிம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

போயர் பதக்கம் சுமார் 1,78,000 பேருக்குத் தரப்பட்டது. அதனால் சாதாரணமானவை எளிதில் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். பெரும்பாலானவற்றில் பெயர் செதுக்கப்படாமல் அச்சால் குத்தப்பட்டிருப்பதால் திருத்தல் கண்ணுக்குப் பிடிபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 26 வகைப் பட்டைகள், பலவற்றில் சண்டையின் பெயரே உண்டு: எலண்ட்ஸ்லாகட்டே, மாடர் ரிவர், லேடிஸ்மித் தற்காப்பு, லேடிஸ்மித் மீட்பு. ஒருவன் எந்த வழியாகப் போனான் என்பதைப் பட்டைகளைப் பார்த்தே பின்தொடரலாம். பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத பட்டை பின்னால் யாரோ சேர்த்ததாக இருக்கலாம்.

ஒரு குறை எனக்கு ஆறவே இல்லை. ஸ்பியான் கோப் என்ற பெயரில் பட்டையே வெளியிடவில்லை. காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைச் சுமந்த குன்று அது. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்த அந்தக் கூலிகளில் உண்டு. பதக்கம் கிடைத்தது தலைவர்கள் 37 பேருக்கு. 1920இல் காந்தி தம்முடையதை வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார்.

போரில் வேலை பார்த்த இந்தியப் பணியாளர்களுக்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில், பட்டை எதுவும் இல்லாமல் கொடுத்தார்கள். வெள்ளிப் பதக்கம் ஒன்று கைக்கு வந்த பிறகு நான் தேடச் சொல்வது அந்த வெண்கலத்தைத்தான். அதன் விளிம்பையும் அதே கவனத்தோடு படியுங்கள்.