கிரில் ஆயில் மாத்திரை: டப்பாவில் பெங்குயின் இருக்கிறது, கிரில் பிடிபட்ட இடம் இல்லை

தர்மபுரி நாலு ரோடு, ஓசூர் பக்கம் பெரிய மெடிக்கல்களில் மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பக்கத்திலேயே கிரில் ஆயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆன்லைனில் இன்னும் அதிகம். பனிமலை, பெங்குயின், '100% அண்டார்டிக்' என்று டப்பா பார்க்க அழகுதான். பிராண்ட் எதுவானாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதால் இது தனி ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனம் அல்ல.

கிரில் என்பது மீன் இல்லை. சந்தையில் கருவாட்டுக்காரர் படியில் அளந்து போடும் சென்னாக்குன்னிக்குத் தூரத்துச் சொந்தம். முழு வளர்ச்சிக்கு ஆறு சென்டிமீட்டர், இரண்டு கிராம். கடல் பனிக்கு அடியில் படரும் பாசியைத் தின்று வளர்கிறது. அதைத் தின்றுதான் திமிங்கிலம், பெங்குயின், சீல் எல்லாம் பிழைக்கின்றன. செத்தவுடன் அதன் வயிற்று நொதிகளே உடம்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதனால் கரைக்குக் கொண்டுவந்து பதப்படுத்த நேரமில்லை, கப்பலே தொழிற்சாலையாக இருக்க வேண்டும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். '500 மி.கி.' என்பது எண்ணெயின் எடை. தேட வேண்டியது இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு வரிகள், உடம்புக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அவைதான். 500 மி.கி. கிரில் மாத்திரையில் வழக்கமாக இபிஏ 60, டிஹெச்ஏ 30 மி.கி. அளவில் இருக்கும், ஆக 90. சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் 180, 120, ஆக 300. பெரியவர்களுக்கு நாளைக்கு 250 மி.கி. என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அளவு. அதை எட்ட மீன் எண்ணெயில் ஒன்று போதும், கிரிலில் மூன்று வேண்டும். 60 மாத்திரை 1,500 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 75 ரூபாய், டப்பா 20 நாளில் காலி. மீன் எண்ணெய் 60 மாத்திரை 500 ரூபாய் என்றால் நாளைக்கு எட்டு ரூபாய் சில்லறை.

கிரிலில் ஒமேகா-3 பெரும்பகுதி பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையோடு ஒட்டியிருக்கிறது, உடம்பில் எளிதாகச் சேரும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்று மடங்கு அளவு வித்தியாசத்தை அது ஈடுகட்டிவிடும் என்று நம்பிக் காசு கொடுக்க முடியாது. சிவப்பு நிறம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காமல் காப்பது அதுதான். மாத்திரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அதை வைத்துத் தோல் பளபளக்கும் என்பதெல்லாம் விளம்பரம்.

நம்ம ஊரில் இந்த மாத்திரைக்கு உண்மையான எதிரி வெயில். ஏப்ரல், மே மாதத்தில் கூரியர் வண்டியில் இரண்டு நாள் கிடந்தால் ஜெலட்டின் உறை இளகி, மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். மொத்தமாக ஒரே கட்டியாக 'தொப்' என்றால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு மாத்திரையை ஊசியால் குத்திப் பிதுக்கிப் பாருங்கள். இறால் ஓடு வாசனை வந்தால் பரவாயில்லை. பழைய பெயிண்ட் மாதிரி மூக்கில் ஏறினால் எண்ணெய் கெட்டுவிட்டது. வீட்டில் 25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் ஏப்பம் முழுக்கக் கருவாட்டு வாடைதான், மதியச் சாப்பாட்டோடு போடுவது நல்லது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மாத்திரை என்ற அளவில் ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை மதிப்பெண்ணையும் குறைக்க வைப்பது டப்பா சொல்லாமல் விடும் விஷயம்.

கிரில் பிடிப்பு பெரும்பாலும் நடப்பது அண்டார்டிக் கடலின் அட்லாண்டிக் பக்கத்தில், 48 என்று எண்ணிட்ட பகுதியில். 2019 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 6.26 கோடி டன் கிரில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். பிடிக்க அனுமதி 6.2 லட்சம் டன். ஒரு சதவீதம்தானே என்று கம்பெனிகள் கேட்கும். கணக்கு சரி, இடம்தான் தப்பு. கப்பல்கள் கடல் முழுக்கப் பரவி வலை போடுவதில்லை, கூட்டம் அடர்ந்த இடத்தில் குவிகின்றன. பெங்குயின் குஞ்சுக்கு இரை தேடிப் போவதும் அதே இடம். இதற்காகவே பகுதிவாரியாக உச்சவரம்பு பிரித்து வைத்திருந்தார்கள், அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய 48.1 என்ற துணைப்பகுதிக்கு 1.55 லட்சம் டன். அந்த ஏற்பாடு 2024-இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. மறு பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், மொத்த 6.2 லட்சமும் தீர்ந்து, பருவம் முடியுமுன் மூடவேண்டி வந்தது. சில கம்பெனிகள் 2018 முதல் பெங்குயின் குடியிருப்பு ஓரங்களில் குஞ்சு வளர்ப்புக் காலத்தில் வலை போடுவதில்லை என்று தாமாகவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. நல்ல காரியம்தான், ஆனால் எந்தக் கம்பெனியின் எண்ணெய் உங்கள் டப்பாவில் என்று பெரும்பாலும் உறையில் இருக்காது. கடல்வளம் கெடாமல் பிடித்தது என்று சான்று சொல்லும் நீல நிற எம்எஸ்சி முத்திரை இருந்தாலும் பகுதி எண் அதில் வராது.

இதையெல்லாம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்குப் பதில், அண்டார்டிக்கின் நியூசிலாந்துப் பக்கம் இருக்கும் ராஸ் கடல். அங்கே பிரச்சினை கிரில் அல்ல, டூத்ஃபிஷ். ஆள் உயரம் வளர்ந்து, பணக்கார நாட்டு ஓட்டல்களில் 'சிலியன் சீ பாஸ்' என்ற பெயரில் தட்டுக்கு வரும் மீன். 1996-97 பருவத்தில் நியூசிலாந்துக் கப்பல் போய்த் தொடங்கிய பிடிப்பு. முடிவெடுப்பது காம்லார், அதாவது அண்டார்டிக் கடல் உயிர்வளங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையம். அதில் ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். ராஸ் கடலைக் காப்புப் பகுதியாக்கும் தீர்மானம் 2012, 2013 என்று வரிசையாக விழுந்தது. பரப்பைக் குறைத்து, 35 வருடக் கெடு வைத்து, 2015-இல் சீனாவும் 2016-இல் ரஷ்யாவும் இறங்கி வந்த பிறகே நிறைவேறியது. 2017 டிசம்பர் 1 முதல் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் காப்புப் பகுதி, ஏறக்குறைய பன்னிரண்டு தமிழ்நாடு. அதில் 11.2 லட்சத்தில் மீன்பிடிப்பே கிடையாது. வெட்டல் ஒட்டல் இல்லாமல் வந்ததில்லை, ஆனாலும் வந்தது. கிழக்கு அண்டார்டிக், வெடல் கடல் காப்புப் பகுதித் திட்டங்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டுக்கும் இந்தியா 2021-இல் ஆதரவு சொல்லியிருக்கிறது.

இந்தியா காம்லாரில் உறுப்பு நாடு என்பதால் இங்கிருந்து எழுதும் கடிதத்துக்கும் முகவரி உண்டு: புது தில்லி, மத்திய புவி அறிவியல் அமைச்சகம். ஆணையம் வருடாவருடம் அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடும், ஆகஸ்டுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். 'கடலைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் படுத்துவிடும். 48.1-க்குத் தனி உச்சவரம்பு திரும்ப வேண்டும் என்று எண்ணோடு எழுதுங்கள். டப்பாவில் உள்ள கஸ்டமர் கேருக்கு மூன்றே கேள்வி: எந்த நாட்டுக் கப்பல், எந்தத் துணைப்பகுதி, எந்த மாதம். சில பிராண்டுகளில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தாலே இது வந்துவிடும். பதில் சொல்லாத பிராண்டை விட்டுவிடலாம்.

மாற்று? கே.ஆர்.பி. அணையில் சுடச்சுட வறுத்துத் தரும் கட்லாவும் ஜிலேபியும் ருசிக்குச் சரி, ஒமேகா-3 அதில் குறைவு. ஐஸ் பெட்டியில் வரும் மத்தி மீனில் நல்ல கொழுப்புப் பருவத்தில் 100 கிராமுக்குச் சுமார் ஒரு கிராம் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் அந்த 250 கணக்கு முடிந்தது. சைவம் என்றால் பாசி எண்ணெய் மாத்திரை. ஆளி விதை நல்லதுதான், ஆனால் உடம்பு அதை டிஹெச்ஏவாக மாற்றுவது மிகச் சொற்பம்.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வந்தால் மூன்று டப்பாவிலும் காலாவதி தேதியைத் தனித்தனியாகப் பாருங்கள். அந்த இலவச டப்பா பெரும்பாலும் போன கோடையைப் பார்த்ததாக இருக்கும்.