குறைத்துச் சொல்வதா, தன் விலையில் நிற்பதா?

மதுரையில் தனியாக இணையதளம் செய்து கொடுப்பவர்கள் பலர், அடுத்தவரைவிடக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிப்பதா, தன் விலையில் நின்று காத்திருப்பதா என்று தவிக்கிறார்கள்.

வருமானம்: குறைந்த விலையில் முன்பணம் விரைவில் வரும்; ஆனால் மாதம் நான்கைந்து வேலை முடிக்க வேண்டும். தன் விலையில் ஒன்றே போதும். அதுவரை கையிருப்பு வேண்டும்.

கற்பனைக்கு இடம்: 8,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவருக்கு, 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஆயத்த வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றை ஏற்றி, நிறத்தையும் பெயரையும் மாற்றித் தருவதைத் தவிர வேறு வழியில்லை. மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிக் கடைக்கு நானும் அப்படித்தான் செய்தேன். அதே முகப்பு அடுத்த மாதம் ஒரு பல் மருத்துவருக்கும் போயிற்று (இருவரும் இன்றுவரை கவனிக்கவில்லை). பின்னர் வேறொரு சுங்குடி வியாபாரி நான் கேட்ட தொகைக்கு உடன்பட்டபோது, துணியில் நூலால் முடிச்சிடுவதை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்; விரலால் தொட்டால் முடிச்சு அவிழ்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும் இணையப் பக்கம் அங்கிருந்துதான் பிறந்தது. அந்த இரண்டு நாளை 8,000 ரூபாய்க்குள் எங்கே ஒதுக்குவது?

பராமரிப்பு: வார்ப்புருவை யாரும் திருத்தலாம். நானே நிரல் எழுதிச் செய்ததற்கு என்னையே தேடுவார்கள், நள்ளிரவிலும்.

முகவரியும் தொலைபேசி எண்ணும் தெரிந்தால் போதும் என்னும் கடைக்கும், தொழிலுக்குப் புதியவருக்கும் முதல் வழியே பொருந்தும். சுங்குடியைப் போல, பொருளுக்கே சொல்ல ஒரு கதை இருந்தால் இரண்டாவதையே சொல்வேன்.